குற்றப்பத்திரிகை கைக்கு வந்தால்

“சார்ஜ் ஷீட் போட்டாச்சு.”

காவல் நிலைய வாசலில் இதைக் கேட்கும் புகார்தாரர், நியாயம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக வீடு திரும்புகிறார். அதையே நீதிமன்ற வளாகத்தில் கேட்கும் எதிர்த்தரப்புக்காரர், தண்டனை வந்துவிட்டதுபோல இடிந்து உட்கார்கிறார். இரண்டு நினைப்புமே தவறு. குற்றப்பத்திரிகை என்பது புலன்விசாரணை அதிகாரி நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் அறிக்கை. விசாரணையில் தெரியவந்தது இது, இந்தக் குற்றத்தை இன்னார் செய்ததாகக் காவல்துறை கருதுகிறது, அதற்கான சாட்சிகளும் ஆவணங்களும் இவை என்று அது சொல்கிறது. அதில் இருப்பது காவல்துறையின் கருத்து. வழக்கு நீதிமன்றத்தில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு கட்டம் உண்டு. குற்றப்பத்திரிகையைப் படித்து, இரு தரப்பையும் கேட்டு, எந்தக் குற்றத்துக்காக இவரை விசாரிக்கப் போகிறோம் என்று நீதிபதி தன் கையால் எழுதுவதற்குக் ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்று பெயர். முதலாவது காவல்துறை எழுதுவது, இரண்டாவது நீதிமன்றம் எழுதுவது. செய்தித்தாள்கள் இரண்டையுமே ‘குற்றம் சாட்டப்பட்டது’ என்று எழுதிவிடுகின்றன. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில்தான், வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் உரிமை உட்பட, ஒரு சாதாரண மனிதருக்குச் சட்டம் கொடுக்கும் பல வாய்ப்புகள் இருக்கின்றன. படிக்காமலும் கேட்காமலும் அவற்றை இழப்பவர்களுக்காகவே இந்த அத்தியாயம்.

இலங்கைச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே மேல் நீதிமன்றத்தில் சட்டமா அதிபர் தாக்கல் செய்வதைக் ‘குற்றப்பகர்வுப் பத்திரம்’ என்கிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் கடுமையான குற்றங்களுக்குப் பொதுமக்களில் இருந்து தேர்ந்தெடுத்த பெருநடுவர் குழு ஒப்புதல் தர வேண்டும். சென்னையிலும் அந்த முறை இருந்தது. 1665இல் புனித ஜார்ஜ் கோட்டையில், தன் அடிமைச் சிறுமியைக் கொன்றதாக அசென்ஷியா டாவ்ஸ் என்ற பெண்மீது பெருநடுவர் குழு ஒன்று குற்றம் சாட்டியது. ஆறு ஆங்கிலேயரும் ஆறு போர்த்துக்கீசியரும் கொண்ட இன்னொரு குழு விசாரித்து, அவர் குற்றவாளி அல்ல என்றது. இந்தியாவில் ஜூரி முறையில் நடந்த முதல் வழக்காக இதைச் சொல்வார்கள். இன்று நம்மிடம் அப்படிப்பட்ட குழு எதுவும் இல்லை. காவல் ஆய்வாளரின் பேனாவுக்கும் குற்றவாளிக் கூண்டுக்கும் இடையே நிற்பவர் நீதிபதி ஒருவர்தான். அதனால்தான் அந்தக் காகிதத்தை எல்லோரும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டேஷனிலிருந்து கோர்ட் வரை

வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பதற்குத் தாம்பரத்தை எடுத்துக்கொள்வோம். தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2021 நவம்பரில், தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஆனால் ஆணையரகத்தின் எல்லையும் மாநகராட்சியின் எல்லையும் ஒன்றல்ல. ஆணையர் அலுவலகமே சோழிங்கநல்லூரில் இருக்கிறது. வருவாய்க் கணக்கில் தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், சோழிங்கநல்லூர் சென்னை மாவட்டம். அதனால் ‘என் கேஸ் எந்தக் கோர்ட்?’ என்ற கேள்விக்கு வீட்டு முகவரியை வைத்து விடை சொல்ல முடியாது. சம்பவம் நடந்த இடத்தின் காவல் நிலையம் எந்த நடுவர் நீதிமன்றத்துக்கு உட்பட்டது என்பதே கணக்கு. முதல் தகவல் அறிக்கையின் முதல் பக்கத்திலும் குற்றப்பத்திரிகையின் தலைப்பிலும் அந்த நீதிமன்றத்தின் பெயர் இருக்கும்.

பயணம் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதில் தொடங்கும். மனு வாங்கப்பட்டது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்து அந்த ரசீதை மாதக்கணக்கில் பையில் வைத்திருப்பவர்கள் ஏராளம். குற்ற எண் போட்ட முதல் தகவல் அறிக்கை வந்தால்தான் வழக்கு உண்டு, குற்றப்பத்திரிகைக்கான எதிர்பார்ப்பும் உண்டு. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் சொல்லும்போது முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சிறு விலக்கு ஒன்று உண்டு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், மேலதிகாரியின் அனுமதியோடு 14 நாட்கள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம்.

அடுத்து வருவது, பலரும் கேள்விப்படாத கட்டம். ‘போட்டாச்சு’ என்று ஸ்டேஷனில் சொல்வதற்கும் நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுப்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கலாம். தாக்கலான குற்றப்பத்திரிகையில் ஆவணம் குறைந்தாலோ சாட்சிப் பட்டியலில் பிழை இருந்தாலோ நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பும். திரும்பிய கோப்பு ஸ்டேஷனில் தூங்கிப்போவதும் உண்டு. எனவே வழக்கறிஞர்கள் கேட்பதுபோலவே கேட்க வேண்டும்: “நம்பர் ஆயிடுச்சா?” நடுவர் நீதிமன்றமே விசாரிக்கும் வழக்கென்றால் சி.சி. எண் விழும். கொலை, கொலை முயற்சி போன்று செஷன்ஸ் நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கக்கூடிய வழக்கென்றால் முதலில் பி.ஆர்.சி. எண் விழும். பிறகு அது செஷன்ஸுக்கு அனுப்பப்பட்டு எஸ்.சி. எண் ஆகும். எண் விழுந்துவிட்டால், ஈ-கோர்ட்ஸ் செயலியில் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு வாய்தா தேதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

புகார்தாரருக்குப் புதிய சட்டம் தந்திருக்கும் ஒரு பிடிமானத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 193ஆவது பிரிவின்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காவல் அதிகாரி 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும். குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோகூடத் தெரிவிக்கலாம். தெரிவிக்கவில்லை என்றால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஆணையர் அலுவலகத்துக்கு எழுதும் ஒரு பக்க மனுவுக்கு வெறும் ‘என்ன ஆச்சு சார்?’ என்ற கேள்வியைவிட வலு அதிகம். பாலியல் வன்முறை வழக்குகளிலும் போக்சோ வழக்குகளிலும் இரண்டு மாதங்களுக்குள் விசாரணையையே முடிக்க வேண்டும்.

முடிக்க முடியும் என்பதற்கு அண்ணா பல்கலைக்கழக வழக்கு சாட்சி. 2024 டிசம்பர் 23 இரவு கிண்டி வளாகத்தில் ஒரு மாணவி வன்முறைக்கு உள்ளானார். முதல் தகவல் அறிக்கையே அவருடைய அடையாளத்தோடு வெளியே கசிந்தது. அது இரண்டாவது வன்முறை. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவுக்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. 2025 பிப்ரவரியில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. மே 28 அன்று 11 குற்றச்சாட்டுகளும் நிரூபிக்கப்பட்டதாகத் தீர்ப்பு வந்தது. சம்பவத்திலிருந்து தீர்ப்புக்கு ஐந்து மாதம். கவனம் குவிந்த வழக்கு என்பதால் நடந்தது என்று சிலர் சொல்வார்கள். கவனம் குவியாத வழக்குகளுக்கும் சட்டத்தில் எழுதியிருப்பது அதே இரண்டு மாதம்தான்.

குற்றப்பத்திரிகையைப் படிக்கும் முறை

குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் முதன்முதலாக ஆஜரான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகையும் அதோடு உள்ள ஆவணங்களும் அவருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டும். இதைச் சொல்வது 230ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் 207. பாதிக்கப்பட்டவர் வழக்கறிஞர் வைத்திருந்தால் அவருக்கும் பிரதி உண்டு. இது புதிதாக வந்த நல்ல மாற்றம். பிரதி கேட்டால் பணம் கேட்கும் இடைத்தரகர்கள் எந்த வளாகத்திலும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு ரூபாயும் தரத் தேவையில்லை. அதே நேரத்தில், குற்றப்பத்திரிகை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கக்கூடிய பொது ஆவணம் அல்ல என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வழக்கின் குற்றப்பத்திரிகையை இறக்கிப் பார்க்க வழியில்லை. இருக்கவும் கூடாது.

கட்டு கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் பிரிவு எண்களைத்தான் முதலில் தேடுகிறார்கள். தேட வேண்டியது தன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதை. எடுத்துக்காட்டுக்குக் குரோம்பேட்டையில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவருக்கு இடையே விளம்பரப் பலகையால் தகராறு, கைகலப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் தகவல் அறிக்கையில் கடைக்காரர், அவர் மனைவி, மகன், மைத்துனர், கடைப் பையன் என ஏ1 முதல் ஏ5 வரை ஐந்து பேர் இருப்பார்கள். பிரிவுகளும் பழக்கப்பட்டவைதான். 294(பி), 323, 506(2) என்று தமிழ்நாடே மனப்பாடம் செய்திருந்த மூன்றும் இப்போது 296(பி), 115(2), 351(3) ஆகியிருக்கின்றன. ஆபாசமாகத் திட்டினார், கையால் அடித்தார், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார் என்பது பொருள். இவற்றில் யார் திட்டியது, யார் அடித்தது, யார் மிரட்டியது? ‘எதிரிகள் அனைவரும் சேர்ந்து’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால், அதுவே தற்காப்பின் முதல் புள்ளி.

இதைச் சும்மா சொல்லவில்லை. 2024 மார்ச்சில் டப்லு குஜூர் வழக்கில், காவல்துறை அறிக்கையில் என்னென்ன விவரங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரிசைப்படுத்தியது. அதே ஆண்டு மே மாதம் ஷரீஃப் அகமது வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பது தெளிவாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்றது. பெயர் இருக்கிறது, செயல் இல்லை என்றால் அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது என்று கேட்க ஒரு மைத்துனருக்கும் கடைப் பையனுக்கும் உரிமை உண்டு.

அடுத்து சாட்சிப் பட்டியல். ஒவ்வொரு சாட்சியும் எதைச் சொல்ல அழைக்கப்படுகிறார் என்பது பட்டியலிலேயே இருக்கும். நேரில் பார்த்தவர், பார்வை மகஜரில் கையெழுத்திட்டவர், சிகிச்சை அளித்த மருத்துவர், விசாரணை அதிகாரி என்று வரும். சம்பவம் நடந்தபோது எதிர்க்கடையில் நின்றவர் பட்டியலில் இல்லாமல், புகார்தாரரின் உறவினர்கள் மட்டும் நேரடிச் சாட்சிகளாக இருந்தால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். காயம் பட்டவர் அரசு மருத்துவமனைக்கு எப்போது போனார், யார் அடித்ததாக அங்கே சொன்னார் என்பது ஏ.ஆர். காப்பியில் இருக்கும். அடித்தவர் எண்ணிக்கை அதில் இரண்டு, முதல் தகவல் அறிக்கையில் ஐந்து என்றால் அந்த இடைவெளியில்தான் வழக்கே இருக்கிறது. கண்காணிப்புக் கேமரா காட்சி இணைக்கப்பட்டிருந்தால் அதற்கு மின்னணுச் சான்றிதழ் உண்டா என்று பார்க்க வேண்டும். முன்பு 65பி என்று சொல்லப்பட்ட அந்தச் சான்றிதழ், இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 63ஆவது பிரிவு.

புகார்தாரரும் இதே கட்டை இதே கவனத்தோடு படிக்க வேண்டும். தான் சொன்ன முக்கியமான ஆள் பட்டியலில் விடுபட்டிருக்கிறாரா? கைது செய்யப்பட்டவர் மட்டும்தான் இருக்கிறாரா, காரணமானவரும் இருக்கிறாரா?

இந்தக் கேள்வியின் கனம் தென்சென்னைப் புறநகருக்கு நன்றாகவே தெரியும். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளி வாகனத்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். ஓட்டுநரோடு கேள்வி நிற்கவில்லை. ஓட்டையோடு அந்த வண்டி ஓடலாம் என்று தகுதிச் சான்று கொடுத்தவர் வரை அது நீண்டது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அந்த ஆண்டே தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், சாலை நடுவே அனுமதியின்றி வைத்த திருமண பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. பின்னால் வந்த லாரி அவர் மேல் ஏறியது. லாரி ஓட்டுநர் உடனே கைதானார். பேனர் வைத்தவர் இரண்டு வாரம் கழித்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கைது செய்யப்பட்டார். ஒரு மரணத்துக்கு யார் யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் காவல்துறை எழுத்தில் தரும் பதில்தான் குற்றப்பத்திரிகை. அந்தப் பதிலில் ஆள் விடுபட்டிருந்தால், மேற்கொண்டு புலன்விசாரணை கோரி நீதிமன்றத்தை அணுகலாம்.

அறுபதும் தொண்ணூறும்

ஒருவரைச் சிறையில் வைத்துக்கொண்டு காவல்துறை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் விசாரிக்க முடியாது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்து ஆண்டோ அதற்கு மேலோ சிறை என்ற வகைக் குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால், ஜாமீன் கேட்டவுடன் கொடுத்தே ஆக வேண்டும். வழக்கு எவ்வளவு பலமானது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. நீதிமன்றத் தாழ்வாரங்களில் இதை டீஃபால்ட் ஜாமீன் என்பார்கள். 187ஆவது பிரிவு, பழையது 167(2). போதைப்பொருள் சட்டத்தில் பெரிய அளவு பிடிபட்டால் 180 நாள்.

எண்ணுவதில்தான் பலர் தவறுகிறார்கள். கைதான நாளிலிருந்து எண்ணக்கூடாது. நீதிபதி முன் நிறுத்தப்பட்டு ரிமாண்ட் செய்யப்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். ரிமாண்ட் ஆன அந்த நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. இன்னொன்றும் உண்டு. இந்த உரிமை தானாகக் கையில் வந்து விழாது. கேட்க வேண்டும், குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்பே கேட்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டாலும் போதும் என்று 2017இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனாலும் நேரம் குறித்த எழுத்து மனுவே பத்திரம்.

நேரம் குறிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு வழக்கு. போதைப்பொருள் வழக்கில் 2018 ஆகஸ்டில் கைதான ஒருவருக்கு 180 நாள் கடந்துவிட்டது. 2019 பிப்ரவரி 1 காலை பத்தரை மணிக்கு அவர் ஜாமீன் மனு போட்டார். வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, மாலை 4.25க்கு, வருவாய்ப் புலனாய்வுத் துறை கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. விசாரணை நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. காலையில் பிறந்த உரிமையை மாலையில் வந்த காகிதம் அழிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு ஜூனில், மதுரை சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில், ஊரடங்கைக் காரணம் காட்டிக்கூட இந்தக் காலக்கெடுவை நீட்ட முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது.

குற்றவாளிகள் தப்பிக்கவே இந்த விதி உதவுகிறது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபம் புரிகிறது, ஆனால் அது போகவேண்டிய இடம் வேறு. கெடு நாளைத் தவறவிட்ட விசாரணை அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. புகார்தாரர் தரப்பு ஐம்பதாவது நாளிலேயே ஸ்டேஷனுக்கு எழுத்தில் நினைவூட்டலாம். அதைச் சட்டம் தடுக்கவில்லை.

ஜெயிலில் ஆள் இல்லாத வழக்குகளில் இந்த அறுபதும் தொண்ணூறும் வேலை செய்யாது. அங்கே வேறொரு கெடு இருக்கிறது. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டு, மூன்றாண்டு வரை என்றால் மூன்றாண்டு. அதற்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும். வந்த தேதி என்பது தாக்கல் செய்த தேதியா, நீதிபதி கோப்பில் எடுத்த தேதியா? சென்னையிலிருந்து போன சாரா மேத்யூ வழக்கில் 2013இல் அரசியல் சாசன அமர்வு இதற்கு விடை சொன்னது: தாக்கல் செய்த தேதிதான். தனியார் புகார் கொடுப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

நீதிபதி எழுதும் நாள்

பிரதிகள் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நடுவர் நீதிமன்றத்தில் விடுவிப்பு மனு போடலாம். செஷன்ஸ் வழக்கில், வழக்கு அங்கே அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள். பழைய சட்டத்தில் இந்தக் கெடு கிடையாது. அந்த நினைவிலேயே ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டவர்கள் இப்போது சிக்கிக்கொள்கிறார்கள். விடுவிப்பு என்பதும் விடுதலை என்பதும் ஒன்றல்ல. முன்னது விசாரணைக்கே அடிப்படை இல்லை என்று தொடக்கத்தில் அனுப்பிவிடுவது. பின்னது சாட்சிகளை எல்லாம் கேட்ட பிறகு வரும் தீர்ப்பு.

மனு இல்லை, அல்லது தள்ளுபடி ஆனது என்றால் குற்றச்சாட்டு வனையப்படும். தேதி, இடம், செயல், சட்டப் பிரிவு நான்கையும் நீதிபதி எழுதி, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். சிறு வழக்குகளில் முறையான குற்றச்சாட்டு வனைவது கிடையாது, விவரத்தைச் சொல்லிக் கேள்வி கேட்பதோடு சரி. இங்கேதான் ஆபத்து. ‘ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்’ என்று பெட்டி கேஸில் தலையாட்டுவது, சட்டத்தின் கணக்கில் குற்றவாளி என்று ஒப்புக்கொள்வதுதான். அரசு வேலைக்கோ வெளிநாட்டு விசாவுக்கோ விண்ணப்பிக்கப்போகும் இளைஞர் அந்தத் தலையாட்டலைப் பத்து முறை யோசிக்க வேண்டும்.

வழக்கறிஞர் இல்லாமல் இந்த நாளைக் கடக்கக்கூடாது என்பதற்கு முகலிவாக்கம் வழக்கைவிட வேதனையான சான்று இல்லை. 2017 பிப்ரவரியில் ஏழு வயதுக் குழந்தை ஒன்று கொல்லப்பட்டாள். செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரி 19 அன்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சூழ்நிலைச் சாட்சியங்கள் நிரூபிக்கப்படவில்லை என்பது முதன்மைக் காரணம். அதோடு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றும் நீதிமன்றம் பதிவு செய்தது. குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளில் அவருக்கு வழக்கறிஞர் இல்லை. சட்ட உதவி வழக்கறிஞர் பிறகுதான் நியமிக்கப்பட்டார். அடுத்த சில நாட்களில் சாட்சி விசாரணையும் தொடங்கிவிட்டது.

அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு எட்டு ஆண்டுக்குப் பிறகு கையில் என்ன மிஞ்சியது? தொடக்கத்தில் காட்டும் அவசரம் எதிரிக்கு மட்டும் அநீதி இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் அது அநீதி. முறைப்படி சில வாரங்கள் செலவழித்திருந்தால், தீர்ப்பு எதுவாக இருந்தாலும் இந்தக் குறை அதில் ஒட்டியிருக்காது.

காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். செங்கல்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் மனு கொடுக்கலாம்.

குற்றச்சாட்டில் ஒரு தேதி பிழையாக இருந்தால் வழக்கே விழுந்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பது வீண். வில்லி ஸ்லேனி வழக்கில் 1955இலேயே, பிழையால் எதிரிக்கு உண்மையில் பாதகம் ஏற்பட்டதா என்றுதான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் நீதிபதி குற்றச்சாட்டைத் திருத்தலாம், சேர்க்கலாம்.

குற்றப்பத்திரிகையே வராவிட்டால்

எல்லா முதல் தகவல் அறிக்கையும் குற்றப்பத்திரிகையில் முடிவதில்லை. சம்பவமே அப்படி நடக்கவில்லை என்றோ, குற்றவாளி கிடைக்கவில்லை என்றோ காவல்துறை வழக்கை முடிக்கலாம். அப்போது புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வரும். வீட்டில் ஆள் இல்லாதபோது ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸைக் கவனிக்காமல் விட்டவர்கள் பிறகு வருந்துவார்கள். முடிப்பறிக்கையை ஏற்கும் முன் புகார்தாரரைக் கேட்க வேண்டும் என்பது 1985இல் பகவந்த் சிங் வழக்கில் வகுக்கப்பட்ட விதி. ஆட்சேப மனு போட்டால், நடுவர் மேலும் விசாரிக்கச் சொல்லலாம், அல்லது காவல்துறையின் முடிவை மீறித் தானே வழக்கைக் கோப்பில் எடுக்கலாம். திருடுபோன பைக் கிடைக்கவில்லை என்ற முடிப்பறிக்கைக்கு மட்டும் ஆட்சேபம் தேவைப்படாது. காப்பீட்டு நிறுவனம் கேட்பதே அந்தச் சான்றைத்தான்.

இரண்டுமே நடக்காமல் முதல் தகவல் அறிக்கை ஆண்டுக்கணக்கில் தொங்கினால், 528ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டுக் காலக்கெடு வாங்கலாம்.

பாஸ்போர்ட், வேலை

ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலையில் இருப்பவர்களிடமிருந்து இந்த விஷயத்தில் வழக்கமாக வரும் கேள்வி பாஸ்போர்ட்தான். கடவுச்சீட்டுச் சட்டம் தடையாகச் சொல்வது நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள குற்ற வழக்கை. முதல் தகவல் அறிக்கை மட்டும் இருந்து, குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் இன்னும் கோப்பில் எடுக்காத நிலையில், அது நிலுவை வழக்கு ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உட்படப் பல நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. எண் விழுந்த பிறகும் கதவு மூடிவிடவில்லை. வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே மனு போட்டு அனுமதி பெற்றால், 1993ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி பாஸ்போர்ட் கிடைக்கும். உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு மட்டும் கொடுப்பார்கள். அதனால் மனுவிலேயே எத்தனை ஆண்டு வேண்டும் என்று கேட்டு, உத்தரவில் அதை எழுதி வாங்கிக்கொண்டு தாம்பரம் பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போவதே புத்திசாலித்தனம்.

வேலை விண்ணப்பத்தில் ‘குற்ற வழக்கு உண்டா’ என்ற கட்டத்தில் பொய் எழுதுவது வழக்கைவிடப் பெரிய சேதத்தைச் செய்யும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக அலசியது. சிறு வழக்கை உண்மையாகச் சொன்னவரை வேலைக்கு எடுப்பது பற்றி அதிகாரி யோசிக்கலாம். மறைத்தவரை நீக்க அவருக்கு மறைத்ததே காரணமாகிவிடும். வழக்கு விடுவிப்பிலோ விடுதலையிலோ முடிந்திருந்தால், அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை நகல் பிரிவில் மனு போட்டு வாங்கி, ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். ஸ்டேஷன் பதிவேட்டில் வழக்கு நிலுவை என்றே கிடந்தால், பல வருடம் கழித்து வரும் போலீஸ் சரிபார்ப்பில் அந்தப் பழைய குற்ற எண் மறுபடி எழுந்து வரும்.